ஹார்டன் கிரீக்கின் அறுபத்தொரு வாக்குகள்

சைலஸ் ராத்போன் வாஷிங்டனுக்கு வந்து இறங்கிய அன்று நானும் ஜோதம் வைல்டரும் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். வைல்டரின் பதவி தனக்குரியது என்று வழக்காட வந்தவர்தான் ராத்போன். வேறு விடுதிகளில் இடமில்லை என்று வண்டிக்காரன் அவரை எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடுதிக்காரி திருமதி டாலிவருக்கு விஷயம் தெரியாது. எங்கள் மேசையில் காலியாக இருந்த ஒரே நாற்காலியை, வைல்டருக்கு நேர் எதிரே இருந்ததை, அவருக்குக் காட்டினாள்.

அவர் தோல் பதனிடுகிறவர். விரல்கள் மரப்பட்டைச் சாற்றில் ஊறி ஊறிப் பழுப்பேறியிருந்தன. உட்கார்ந்ததும் தன் பெயரைச் சொன்னார். மேசையில் கத்தி, முள்கரண்டிச் சத்தம் நின்றது. வைல்டர் எழுந்து கை கொடுத்து, "நாந்தான் வைல்டர். பயணம் சிரமமா இருந்திருக்கும். இறைச்சி இன்னும் சூடாத்தான் இருக்கு, எடுத்துக்குங்க" என்றான். ராத்போன் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அடுத்த மூன்று வாரமும் நாங்கள் இப்படியேதான் சாப்பிட்டோம்.

என் பெயர் லெமுவேல் ஹாஸ்கின். நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்தவன். 1815 ஜனவரி அது. ஆகஸ்டில் ஆங்கிலேயர்கள் வந்து சபைக் கட்டடத்தைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். எரியாமல் தப்பிய ஓர் அலுவலகத்தில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சட்டம் செய்துகொண்டிருந்தோம். இடமில்லாமல் சிலர் கணப்படுப்பு மாடத்துக்குள்ளேயே நாற்காலி போட்டுக்கொண்டார்கள். போர் மூன்றாவது வருடத்தில் இருந்தது. எங்கள் கட்சிக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் போர் பிடிக்கவில்லை.

வைல்டர் எனக்குப் புதியவன் அல்ல. நான்கு வருடம் முன்பு அவன் ஒரு தவணை உறுப்பினராக இருந்தபோதும் நாங்கள் ஒரே அறையில், ஒரே கட்டிலில்தான் படுத்தோம். இடையில் தோற்றுப்போனான். நியூயார்க்கின் வடகோடியில் அவன் தொகுதி உறுப்பினர் இறந்துபோக, நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் இருபத்துமூன்று வாக்கில் ஜெயித்துத் திரும்ப வந்தான்.

அந்த இருபத்துமூன்றுதான் சிக்கல். ஹார்டன் கிரீக் என்ற ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வாக்குக் கணக்கு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. கெடு தாண்டியது செல்லாது என்று எழுத்தர் அதைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டார். பிறகு பிரித்துப் பார்த்தபோது, ராத்போனுக்கு அறுபத்தொன்று, வைல்டருக்குப் பத்தொன்பது. அதைச் சேர்த்தால் ராத்போன் பத்தொன்பது வாக்கில் ஜெயித்தவர் ஆகிவிடுவார்.

ஏன் தாமதம் என்று கேட்டால், தோணிக் கயிறு அறுந்துவிட்டது, ஆற்றில் வெள்ளம், தூது போனவன் ஓர் இரவு முழுக்கக் கரையில் காத்திருந்தான் என்று தோணிக்காரன் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் தோணிக்காரன் வைல்டருடைய மனைவியின் தம்பி.

வழக்கு தேர்தல் குழுவிடம் வந்தது. குழுவில் ஏழு பேர். தலைவர் கரோலினாக்காரர், கர்னல் டார்கன். அவரையும் சேர்த்து அவருடைய கட்சியில் மூன்று பேர் ராத்போன் பக்கம். எங்கள் கட்சியில் மூன்று பேர் வைல்டர் பக்கம். ஏழாவது ஆள் நான்.

எங்கள் கட்சிக்காரர்கள் என்னைப் பற்றிக் கவலையே படவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிறவன் மாறி வாக்களிப்பானா என்று சிரித்தார்கள். நானும் கயிறு அறுந்தது யார் தப்பும் இல்லை, கெடு என்றால் கெடுதான் என்றே நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கடிதங்களை ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் படித்துக்காட்டுவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு வைல்டர் தன் மனைவியின் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன், மாடு கன்று போட்ட செய்திக்குப் பிறகு நிறுத்திவிட்டான். உதடு மட்டும் அசைந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். பதினைந்து நிமிடம் கழித்து அவனே வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"லெமுவேல், கயிறு அறுந்து போகல" என்றான். "என் மச்சான் அவுத்துக் கொண்டுபோய்த் தன் கொட்டகைல வெச்சிருக்கான். இப்போ குடிச்சுட்டுக் கடைல பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறானாம். இவ எழுதறா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. பைபிள் மேல கை வெச்சு வேணும்னா சொல்றேன்."

நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் தெரிந்துகொண்ட பிறகு இருவரும் பழையபடி இருக்க முடியவில்லை. அப்படியானால் நான் ராத்போன் பக்கம்தான் வாக்களிப்பேன், உன் கடிதத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிட மாட்டேன், ஆனால் என் கை அந்தப் பக்கம்தான் உயரும் என்றேன். அவன் கோபப்படவில்லை. தலையாட்டினான். பிறகுதான் அதைக் கேட்டான்.

குழு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடி முடிவெடுப்பதாக இருந்தது. சபை நெருக்கடியில் இருந்ததால், குழு முடிவு சொன்ன உடனே அன்று மதியமே சபை அதை ஏற்கும், ராத்போன் உறுதிமொழி எடுத்து உட்கார்ந்துவிடுவார். அன்று மாலைதான் கட்டாயமாக ஆள் எடுக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சீட்டுப் போட்டு எடுத்து இரண்டு வருடம் எல்லைக்கு அனுப்பும் மசோதா அது. இரு கட்சியும் தலைகளை எண்ணிப் பார்த்திருந்தன. ஒன்றிரண்டு வாக்கில் எந்தப் பக்கமும் சாயலாம்.

"நான் பதவியக் கேக்கல" என்றான் வைல்டர். "ஒரு நாள் கேக்கறேன். வெள்ளிக்கிழமை நீ என்ன வேணா பண்ணு. வியாழக்கிழமை மட்டும் குழு கூடாம இருந்தாப் போதும்."

"நான் எப்படிக் கூடாம பண்றது?"

"உனக்கு உடம்பு சரியில்ல. நீ இல்லாட்டி மூணுக்கு மூணு. டார்கன் தள்ளித்தான் வெப்பாரு." பிறகு, "உன் பசங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டான்.

அவனுக்கு நன்றாகத் தெரியும். கேலபுக்கு இருபத்தொன்று, ஏசாவுக்குப் பத்தொன்பது.

புதன்கிழமை இரவு மேசையில் ராத்போன் எதிரே உட்கார்ந்து சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு முடிந்துவிடும் இல்லையா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முடிந்துவிடும் என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை நான் எழவில்லை. வயிற்றுவலி என்று சீட்டெழுதி டார்கனுக்கு அனுப்பினேன். திருமதி டாலிவர் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி என் வயிற்றில் வைத்தாள். அவளுடைய அடிமைப் பெண் ஹானா ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பத்து மணி அடித்தது. பதினொன்று அடித்தது. எங்கள் கட்சிக்காரன் ஒருவன் வந்து குழு மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று வாசலில் நின்று சொன்னான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. வலி வெறும் சாக்கு என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

படுக்கையிலேயே கிடந்திருக்கலாம். ஆனால் மாலை வாக்கெடுப்பில் என் வாக்கும் வேண்டுமே. மூன்று மணிக்கு எழுந்து காலணி மாட்டிக்கொண்டு, சேற்றில் நடந்து சபைக்குப் போனேன்.

நான் உள்ளே நுழைந்தபோது பேச்சு நின்றுவிடவில்லை. எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பேசினார்கள், அவ்வளவுதான். டார்கன் மட்டும் தன் இடத்திலிருந்து, "ஹாஸ்கின் ஐயாவுக்கு வயிறு சரியாயிடுச்சு போல. ஆண்டவனுக்கு நன்றி" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கதவோரம் பார்வையாளர் கூட்டத்தில் ராத்போன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கேற்றிய பிறகுதான் வாக்கெடுப்பு தொடங்கியது. எழுத்தர் அகரவரிசையில் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து ஆம், இல்லை என்றோம். என் முறை வந்தபோது 'இல்லை' என்றேன். எங்கள் பக்கம் இரண்டு பேர் கட்சி மாறி 'ஆம்' என்றார்கள். அவர்கள் பக்கம் ஒருவர் எழுந்துபோய்விட்டார். நான் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். 'ஆர்' எழுத்தைத் தாண்டும்போது அவர்கள் மூன்று அதிகம். 'டபிள்யூ' வந்தபோது ஒன்று அதிகம். கடைசியில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலாமவர் 'இல்லை' என்றதும் இரு பக்கமும் சமம். அடுத்தவர் வரவே இல்லை. கடைசிப் பெயர் வைல்டர்.

அவன் உடனே எழவில்லை. அந்த நொடியில் அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. கை மேசையைப் பிடித்திருந்தது. எழுத்தர் இரண்டாம் முறை கூப்பிட்டார். எழுந்து "இல்லை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மசோதா ஒரே வாக்கில் தோற்றது. எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். யாரோ என் முதுகில் அறைந்தார்கள். நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். ராத்போன் அங்கே இல்லை.

அன்று இரவு நானும் வைல்டரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை குழு கூடியது. டார்கன் கேள்வியை வைக்கும் முன்பே வைல்டர் கதவைத் தட்டி உள்ளே வந்தான். மனைவியின் கடிதத்தை மேசைமேல் வைத்தான். அது அவளுடைய கையெழுத்து, தன் மச்சான் செய்தது அதில் இருக்கிறது, படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஹார்டன் கிரீக் வாக்குகள் செல்லும் என்பதே தன் கருத்தும் என்றான். டார்கன் கடிதத்தைப் படித்துவிட்டு, இது எப்போது வந்தது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றான் வைல்டர். டார்கன் ஒரு நிமிடம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஏழு பேரும் ஒரே பக்கம் கை தூக்கினோம். நான் மலைபோல் சுமந்துகொண்டிருந்த அந்த ஏழாவது வாக்குக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. மதியம் சபை அதை ஏற்றது. வைல்டர் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தான், ராத்போன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மாலை விடுதி வாசற்படியில் அவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். பனி தூவிக்கொண்டிருந்தது. உள்ளே போகலாமே என்றேன். இங்கேயே பேசிவிடலாம் என்றார்.

"நேத்து நான் அங்க உக்காந்திருந்தா 'ஆம்'னுதான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என் பெரியவன் பதினாலு மாசமா எல்லைல நிக்கறான். அவன் கூடப் போனவங்கள்ல பாதிப் பேரு காய்ச்சல்ல போயிட்டாங்க. ஆள் மாத்த வருவாங்க, வருவாங்கன்னு ஒவ்வொரு கடிதத்துலயும் எழுதறான். ஹார்டன் கிரீக்ல ஓட்டுப் போட்ட அறுபத்தொரு பேருல முக்காவாசிப் பேருக்கு அங்க ஒரு பிள்ள இருக்கு. அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க."

"எனக்கும் ரெண்டு பசங்க. வீட்டுல இருக்காங்க" என்றேன்.

"கேள்விப்பட்டேன். உங்க எடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேனோ, சொல்லத் தெரியல. அதனால உங்கள நான் திட்டப் போறதில்ல, ஐயா." தொப்பியிலிருந்து பனியைத் தட்டினார். "ஆனா புதன்கிழமை ராத்திரி நான் உங்களக் கேட்டப்போ, முடிஞ்சிடும்னு சொன்னீங்களே. சும்மா இருந்திருக்கலாம்."

உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன்.

வைல்டர் திங்கட்கிழமை வண்டியில் ஊருக்குக் கிளம்பினான். கை குலுக்கிக்கொண்டோம். கடிதம் எழுது என்றேன். இருவருமே எழுதவில்லை.

பிப்ரவரி நடுவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்தது. ஊரெங்கும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மார்ச் தொடக்கத்தில் சபையின் தவணை முடியும்வரை ராத்போன் அந்த நாற்காலியில் ஆறு வாரம் இருந்தார். ஒரு தடவைகூட எழுந்து பேசவில்லை. எல்லா வாக்கெடுப்பிலும் இருந்தார். சமாதானம் வந்த பத்தாம் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மேசையிலேயே பிரித்துப் படித்தார். மகன் ஜனவரி கடைசியில், அந்த வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் கழித்து, காய்ச்சலில் இறந்திருந்தான். மசோதா நிறைவேறியிருந்தாலும் அதற்குள் ஒரு ஆளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபோது எனக்கு விருந்து வைத்தார்கள். மசோதாவை வீழ்த்தியவன் என்று வாழ்த்திப் பேசினார்கள். அந்த வயிற்றுவலி கதை எப்படியோ எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. ஒருவர் கோப்பையை உயர்த்தி அதைச் சொன்னதும் கூடம் முழுக்கச் சிரித்தது. என் பிள்ளைகள் இருவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நல்ல ஆரோக்கியமாக. அவர்களைப் பார்த்தபோது செய்ததற்கு வருத்தப்பட என்னால் முடியவில்லை. செய்தது சரி என்று சொல்லவும் முடியவில்லை. அடுத்த தேர்தலுக்கு என் பெயரை முன்மொழிந்தபோது எழுந்து, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். காரணம் கேட்டார்கள். அன்று அந்த நாற்காலி ராத்போனுடையது, நான் பொய் சொல்லி அவரைத் தடுத்தேன் என்றேன், அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.