சுவருக்கு வெளியே ஒரு துணை

கெனானிக்குத் துணையாக அவன் மாமியார் மருத்துவமனைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அவன் படுத்திருந்த வார்டுக்குள் கால் வைத்ததில்லை.

வைக்கவும் முடியாது. அவர்கள் ஊர் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்வதில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பாதையில் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் சோளக்கொல்லைக்குள் இறங்கி நின்றுகொள்வார். ஒன்பது வருடமாக அவள் வீட்டு மண்ணில் வீடு கட்டிக் குடியிருக்கிறான் கெனானி. அவனுக்கு அவள் முதுகு தெரியும், அவள் கட்டுகிற சித்தென்ஜேத் துணிகளின் நிறம் தெரியும், இருமல் தெரியும். முகம் சரியாகத் தெரியாது.

சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன் அவன். மினிபஸ் ஒன்று உரசியதில் சைக்கிள் நசுங்கியது, இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. ஊர்க்காரர்கள் அவனை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தபோது, நாம்பேவே என்று ஊரார் அழைக்கும் அந்த மாமியார், தலையில் பானையும் கரியும் மாவுமாக, வண்டிக்கு வெகுதூரம் பின்னால் நடந்தே வந்தாள்.

துணைக்கு ஆள் இல்லாத நோயாளியை அங்கே வைத்துக்கொள்வது கஷ்டம். சமைத்துப் போட, துணி துவைக்க, சட்டியை எடுத்துக் கொட்ட வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும். கெனானியின் தாய் தகப்பன் இல்லை. அக்கா தொலைவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். மனைவி சியோனே, எல்லை தாண்டி ஜோனி நகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. முதலில் வாரம் ஒருமுறை போன் செய்தாள், பிறகு மாதம் ஒருமுறை. இப்போது அவன் அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆக, வந்தது மாமியார்தான். வார்டின் வெளிச் சுவரை ஒட்டி, அவன் ஜன்னலுக்குக் கீழே, வெயில் விழும் வராந்தாவில் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். சோறு தண்ணி விஷயமெல்லாம் அடுத்த கட்டில் பிஸ்வெக்கின் மனைவி டொரிக்கா வழியாகத்தான் நடந்தது. மாமரத்திலிருந்து விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியவர் பிஸ்வெக். டொரிக்கா வாய்க்காரி.

"டொரிக்கா, மாப்பிள்ளை சாப்பிட்டாங்களான்னு கேளு" என்று ஜன்னலுக்குக் கீழிருந்து குரல் வரும்.

"தம்பி, சாப்பிட்டீங்களான்னு உங்க அத்தை கேக்குறாங்க."

"சாப்பிட்டேன்னு சொல்லுங்கக்கா. கீரையில உப்பு சரியா இருந்துச்சு."

"உப்பு சரியா இருந்துச்சாம்மா."

"காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சுல்ல? அப்ப எனக்கு எதுக்கு இந்தத் தொண்டை வலி. நான் என்ன செல்போன் கோபுரமா?" என்பாள் டொரிக்கா. வார்டே சிரிக்கும். ஜன்னலுக்குக் கீழே மட்டும் சிரிப்புச் சத்தம் இராது.

கெனானிக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடிந்ததில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி குத்தி, அதில் கயிறு கட்டி, கட்டில் முனையில் இருந்த கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். புரள முடியாது. படுத்த வாக்கில் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு அவன் ஒன்றை மட்டும் யோசித்தான். பெண்டாட்டி ஊரில் வந்து வாழும் ஆண், உழைக்கிற வரைக்கும்தான் மாப்பிள்ளை. மனைவி தூர தேசத்தில், பிள்ளை இல்லை, இப்போது காலும் இல்லை. அவன் மண் பிசைந்து, அறுத்து, சூளை வைத்துச் சுட்ட செங்கல்லால் கட்டிய வீடுதான். நிற்பது அவர்கள் மண்ணில். கால் கூடி எழுந்து நடந்தால் அந்த வீட்டுக்குத் திரும்பலாம். கூடாவிட்டால், கல்யாணத்துக்குப் பொறுப்பேற்று நின்ற இரு பக்கத்துச் சாட்சி மாமன்களும் வந்து உட்கார்ந்து, மரியாதையாக நாலு வார்த்தை பேசி, அவனை அனுப்பிவைத்துவிடுவார்கள்.

எலும்பு வைத்தியம் பார்க்கும் ம்சீஸ்கா வடக்கத்திக்காரர், இளவயது. ஒரு திங்கட்கிழமை காலையில் சின்ன டப்பாவோடு வந்தார்.

"எலும்பு கூடறதுக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். அதை உடம்புல சேக்கறதுக்கு வைட்டமின் டி வேணும். வெயில் பட்டா அது நம்ம தோல்லயே உண்டாயிடும். நீங்க எல்லாம் மாசக்கணக்கா கூரைக்கு அடியில கிடக்கீங்க. அதான் அதையே மாத்திரையா குடுத்தா எலும்பு சீக்கிரம் கூடுதான்னு ஒரு ஆராய்ச்சி பண்றோம். சம்மதம்னா வாரம் ஒண்ணு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பாதிப் பேருக்குத்தான் அதுல மருந்து இருக்கும். மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"அப்ப எனக்கு எண்ணெய்தான். நான் பொறந்த நேரம் அப்படி" என்றார் பிஸ்வெக்.

ஜன்னலுக்குக் கீழே அசைவு கேட்டது. "டொரிக்கா, மாப்பிள்ளைக்குக் குடுக்கிறது மருந்தா எண்ணெயான்னு டாக்டர்கிட்ட கேளு."

"அம்மா, நீங்க நேரா என்கிட்டயே கேக்கலாமே. நான் உங்க மாப்பிள்ளை இல்லையே" என்றார் ம்சீஸ்கா.

"உங்ககிட்ட நேரா பேசுனா அவங்க காதுல விழும்."

"இப்பவும் விழுதே."

"இப்ப டொரிக்காகிட்ட பேசுறேன்" என்றது குரல். ம்சீஸ்கா டப்பாவின் மூடியைத் திறந்தார்.

கெனானி சம்மதித்தான். வழவழவென்று மஞ்சளாக இருந்த முதல் உருண்டையை விழுங்கிவிட்டு, வெகுநேரம் வயிற்றுக்குள் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வெறும் எண்ணெயாகத்தான் இருக்கும் என்று அவனுக்கும் தோன்றியது.

மாமியாருக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து சோளக்களியோடு கீரை வருவது நின்று உசிப்பா என்ற பொடி ஏரிமீன் கருவாடு வந்தது. மீனிலும் கொஞ்சம் அந்தச் சத்து உண்டு என்று தாதியிடம் விசாரித்திருந்தாளாம். அதோடு விடவில்லை.

"டொரிக்கா, கட்டிலுக்குச் சக்கரம் இருக்குல்ல? வராந்தாவுக்குத் தள்ளிட்டுப் போக முடியாதான்னு கேளு. மாத்திரையை நம்ப முடியாது. வெயிலை நம்பலாம்."

ம்சீஸ்கா யோசித்துவிட்டு, எடை ஆடாமல் மெதுவாகத் தள்ளினால் சரி என்றார். அதுமுதல் காலையில் இரண்டு ஆட்கள் கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் வெயில் விழும் இடம் அந்த வராந்தா ஒன்றுதான். அவன் வருவதற்கு முன்பே அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி, துணைக்கு வந்தவர்கள் சமைக்கும் கொட்டகைக்குப் போய்விடுவாள். சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் கிடப்பான் கெனானி. பக்கத்துத் தரையில் அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் துப்புரவாக, தூசி இல்லாமல் தெரியும். டொரிக்காவும் பிஸ்வெக்கும் உள்ளே. பேச ஆள் இல்லை. அவனுக்காக வந்த ஒரே ஆளை அவனே விரட்டிவிட்டுக் கிடப்பது போல இருந்தது.

ஒருநாள் புதிதாக வந்த தள்ளுகிற ஆள் கட்டிலைத் திருப்பி நிறுத்திவிட்டான். கெனானியின் தலை கொட்டகைப் பக்கம் போகாமல் கால் அந்தப் பக்கம் போயிற்று. வெந்நீர்ப் பாத்திரத்தோடு மூலையைத் திரும்பிய நாம்பேவே நேராக அவன் முகத்தில் விழித்துவிட்டாள்.

இருவருக்கும் உயிரே போயிற்று. அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு இடுப்புத் துணியின் மேல்மடிப்பை உருவித் தலையோடு மூடிக்கொண்டு திரும்பி ஓடினாள். அவன் போர்வையை முகத்துக்கு இழுத்த வேகத்தில் எடை ஊஞ்சலாடியது. தொடைக்குள் கத்தி இறங்கியது போல வலி. போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வெந்நீர் சிமெண்ட்டுத் தரையில் ஓடும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, டொரிக்கா இல்லாததால் யாரிடம் என்றில்லாமல் ஒரு குரல், "எலும்பு விலகியிருக்காதே?" என்றது.

பதில் சொல்வதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "விலகல" என்று போர்வையிடம் சொன்னான்.

அந்த வாரம் எடுத்த எக்ஸ்ரே படத்தை ம்சீஸ்கா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முறிவைச் சுற்றிப் புகை போல ஏதோ லேசாகத் தெரிந்தது. "போதாது. இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்றார். அன்று கெனானி சியோனேவை மூன்று தடவை அழைத்தான். மணி அடித்தது.

அடுத்த மாதம் கருவாடும் வெயிலும் மஞ்சள் உருண்டையுமாகக் கழிந்தது. பிஸ்வெக்குக்கு ஊன்றுகட்டை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று டொரிக்கா, "நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படித்தான் பேசிக்குவீங்களோ" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. துப்புரவு செய்யும் பெண் வாய் பேசாமல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஜன்னலுக்குக் கீழிருந்து இருமல் கேட்டால், இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வான்.

படம் மறுபடி எடுத்தார்கள். ம்சீஸ்கா அதைத் தூக்கிப் பிடித்தபோதே அவர் முகம் சொல்லிவிட்டது. இரண்டு முனைகளையும் வெள்ளையாக, கெட்டியாக, கரையான் புற்று போல எலும்பு சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது.

"கூடிருச்சு. வர்ற வாரம் கம்பியை எடுத்துடலாம்."

"மருந்தா எண்ணெயா, டாக்டர்?"

"ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் தெரியும். வெயிலா, மீனா, மாத்திரையா, உங்க வயசா, யாரு கண்டா. கூடிருச்சு, அவ்வளவுதான்."

அவர் போனதும் கெனானி ஜன்னல் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி சொன்னான். "எலும்பு கூடிருச்சாம்."

ஜன்னலுக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை. அவள் அங்கேதான் இருந்தாள், மூச்சு கேட்டது. அவன் காத்திருந்தான். சந்தோஷப்பட்டுத் தொண்டையைக் கனைக்கவாவது செய்வாள் என்று பார்த்தான். பிறகு பாயைச் சுருட்டும் சத்தம் வந்தது, காலடி விலகிப் போயிற்று.

மறுநாள் காலையில் இரண்டு சாட்சி மாமன்களும் கோட்டு போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தார்கள். கோட்டைப் பார்த்ததுமே கெனானிக்கு விளங்கிவிட்டது. அவன் பக்கத்து மாமன் தலையைக் குனிந்துகொண்டார். சியோனேவின் மாமன் பேசினார்.

"பொண்ணு அங்கிருந்து போன் பண்ணுச்சு. அங்க வேற ஒருத்தர்கூட இருக்காளாம். வயித்துல பிள்ளையாம். திரும்பி வர்றதா இல்லையாம். இதை உன்கிட்ட மறைக்கிறது தர்மம் இல்ல. உன் மேல குத்தமே கிடையாது. அதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

"எப்பப் பேசுனா?"

"போன வாரம். அவங்கம்மாகிட்ட."

அப்படியானால் நேற்று ஜன்னலுக்குக் கீழே இருந்தவளுக்குத் தெரியும். கெனானி கூரைத் தகரத்தைப் பார்த்தான். கால் கூடாவிட்டால் வீடு போகும் என்று மூன்று மாதம் பயந்து கிடந்தான். கால் கூடிவிட்டது.

"இன்னியோட உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு விடுறோம். வழக்கப்படி கதவு, ஜன்னல், கூரைத் தகரம் உனக்கு. ஆள் விட்டுக் கழட்டித் தர்றோம்" என்றார் அந்த மாமன்.

"வேணாம் மாமா. மழை வரப்போகுது. கூரை இல்லன்னா மண் சாந்து கரைஞ்சு சுவர் சாஞ்சிடும்."

"யாரு குடியிருக்கப்போறா அதுல?"

"யாராவது இருப்பாங்க."

மாமன்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவன் பக்கத்து மாமன், அக்கா வீட்டுக்குப் போக வண்டி பேசுவதாகச் சொன்னார். வார்டில் மற்றவர்கள் அவனைப் பார்க்காதது போல இருந்தார்கள். மதியம் ஆயிற்று. கட்டிலை வெயிலுக்குத் தள்ள வந்த ஆட்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். ஜன்னலுக்குக் கீழே இருமல் இல்லை. ஊருக்குப் போயிருப்பாள். இனி அவளுக்கு இங்கே என்ன வேலை. மழைக்கு முன்னால் கொல்லை கொத்த வேண்டும், கொட்டிக் கிடக்கும் வேலை.

வாசலில் ஒரு பெண் தட்டோடு நிற்பதை அவன் முதலில் கவனிக்கவில்லை. யாருக்கோ துணைக்கு வந்தவள் என்று நினைத்தான். ஒல்லியான பெண், தலைத்துணியைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டியிருந்தாள், இடது புருவத்தில் பழைய தழும்பு. கட்டில்களுக்கு நடுவே நேராக அவனிடம் வந்தாள். அந்தச் சித்தென்ஜேத் துணியின் நிறத்தை அடையாளம் கண்டதும் அவன் கை தானாகப் போர்வையை முகத்துக்கு இழுத்தது.

"விடு அதை" என்றாள் அவள். "காலையிலதான் பிரிச்சு விட்டுட்டாங்களே. இனி நீ எனக்கு மாப்பிள்ளை இல்ல. பாத்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவன் போர்வையை மெல்லத் தாழ்த்தினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தயக்கமே இல்லாமல் காலைப் பார்த்தாள். கம்பி குத்திய இடத்தை, மெலிந்து சுருங்கிய தொடையை, குனிந்து, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"வத்திப்போச்சு" என்றாள். "நேத்தே தெரியும் எனக்கு. நீ கூடிருச்சுன்னு சொன்னப்ப என்னால வாயைத் திறக்க முடியல. என் பொண்ணு பண்ணுனதுக்கு நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சந்தோஷப்படுறது?"

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்றவனுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அத்தை என்று சொல்ல முடியாது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றி அவனுக்குக் கை கழுவிவிட்டாள், தானும் கழுவிக்கொண்டாள். களியைப் பிட்டு உருட்டி, கருவாட்டில் தொட்டு, அவன் எடுக்கட்டும் என்று தட்டை நடுவில் வைத்தாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவளுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை, கருவாட்டை ஒதுக்கி ஒதுக்கிக் கடைவாயில் மென்றாள். ஒன்பது வருடம் அவன் வாங்கிக் கொடுத்த முற்றிய கரும்பையெல்லாம் அவள் எப்படித் தின்றிருப்பாள்.

"கம்பி எடுக்கிற வரைக்கும் இருக்கேன்" என்றாள். "அப்புறம் நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவ. நான் கொல்லையைப் பாக்கணும்."

"சரி."

"அங்க மீன் கிடைக்குமா?"

"ஏரி தூரம். அபூர்வமாத்தான் வரும்."

அவள் தட்டைப் பார்த்தாள். தன் பக்கம் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளினாள். அவன் சாப்பிட்டான்.