பதின்மூன்றாவது கர்ப்பிணி

இந்தோனேசியாவின் செலாயார் தீவிலிருந்து கப்பலும் பஸ்ஸும் மாறி மக்காசாருக்கு வந்து சேர்ந்த மருத்துவச்சி மர்வியா, நேரே மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்து தன் கைபேசியை நிரலாளர் தென்றியின் மேசையில் வைத்தார்.

"உங்க செயலி பன்னெண்டு கர்ப்பிணி வரைக்கும்தான் தாங்குது. பதிமூணாவது ஆளோட பக்கத்தைத் திறந்தா பட்டுனு மூடிக்குது. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

பக்கத்து நாற்காலியில் இருந்த பாசோ எட்டிப் பார்த்தான். "இது போனா இபு, மீன் வெட்டற பலகையா?" இபு என்றால் அந்த ஊரில் அம்மா.

"மீனும் வெட்டியிருக்கேன் தம்பி. அப்பகூட அது சாகலை."

தென்றிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மர்வியா அனுப்பிய புகார்களுக்கு, கைபேசி பழசு, புதிது வாங்குங்கள் என்று மேலாளர் இரண்டு முறை பதில் எழுதியிருந்தார். தென்றிக்கு அது அப்போதே உறுத்தியது.

"உக்காருங்க இபு. உங்க போன்லயே பாத்துடறேன்."

கைபேசியைக் கணினியில் இணைத்து, மெமரியை அளக்கும் கருவியை ஓடவிட்டாள். ஒரு கர்ப்பிணியின் பக்கத்தைத் திறந்ததும் திரையில் கோடு ஏறியது. நியாயம்தான், ஸ்கேன் படத்துக்கு இடம் வேண்டும். பக்கத்தை மூடினாள். வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுத்து, கோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அடுத்தவரைத் திறந்தாள், மூடினாள். மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது.

"பாத்தியா பாசோ? போன் மேல தப்பில்ல. நாமதான் எதையும் விடாமப் பிடிச்சு வெச்சிருக்கோம்."

எதெதற்கு இடம் ஒதுக்கப்பட்டது, யார் கேட்டது என்ற பட்டியலை இறக்கினாள். மூடிய பக்கங்கள் ஒன்றுகூடப் போகாமல் அத்தனையும் உயிரோடு இருந்தன, ஒவ்வொன்றும் தன் ஸ்கேன் படத்தைக் கட்டிக்கொண்டு. அவற்றைப் போகவிடாமல் பிடித்திருந்தது ஒரு குட்டிக் கடிகாரம். கர்ப்பம் எத்தனை வாரம், எத்தனை நாள் என்று பக்கத்தின் மூலையில் காட்டுவது அதன் வேலை. பக்கம் மூடினாலும் அதை யாரும் நிறுத்தவில்லை.

"யாரு எழுதினது இது?" என்றபடி பாசோ குனிந்து பெயரைப் படித்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து தென்றியைப் பார்த்தான்.

"சொல்லாத," என்றாள் தென்றி. முகம் சிவந்துவிட்டது. "நான் சேர்ந்த முதல் மாசம்."

"அப்ப பதிமூணாவது பொண்ணு பாவம் பண்ணல," என்றார் மர்வியா. "பண்ணினவ இங்கதான் இருக்கா. இந்தா, சாப்பிட்டுட்டுத் திருத்து." பையிலிருந்து ஆவியில் வெந்த வாழைப்பழப் பலகாரமான பாரோங்கோவை எடுத்து இலையோடு நீட்டினார்.

திருத்தம் ஒரே வரிதான்: பக்கம் மூடும்போது கடிகாரத்தையும் நிறுத்து. புதிய செயலியைக் கைபேசியில் ஏற்றி மர்வியாவிடமே கொடுத்தாள்.

அவர் ஒவ்வொருவராகத் திறந்தார். சும்மா திறக்கவில்லை. "இவ ரஹ்மா, புளிச்ச மாங்கா தவிர எதையும் தொட மாட்டா. இவ ஹஸ்னி, புருஷன்தான் மசக்கையில கெடக்கறான்." சிரிப்புச் சத்தம் கேட்டு மற்ற மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்தார்கள். கோடு ஏறியது, இறங்கியது. பன்னிரண்டில் எல்லோரும் திரைக்கருகே குனிந்தார்கள். பதிமூன்று திறந்தது, மூடியது. கோடு சமர்த்தாகக் கீழே வந்தது. யாரோ கை தட்டினார்கள். மர்வியா நிறுத்தவில்லை.

இருபத்தொன்பதாவது பக்கத்தில் கைபேசி அடித்தது. தீவிலிருந்து அவருடைய உதவி மருத்துவச்சி. மர்வியா கேட்டார், தலையாட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசி வைத்ததும் செயலி விட்ட பக்கத்திலேயே காத்திருந்தது.

"கஸ்மாவதிக்குப் பிரசவம் ஆயிடுச்சு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சு. ரெட்டை." பட்டியலில் அவள் பெயரைத் தேடித் திறந்து தென்றியிடம் நீட்டினார். "எனக்குக் கண்ணு கலங்கி எழுத்தே தெரியல. நீயே போடு. ரெண்டும் பொண்ணு."

தென்றி குழந்தைகளுக்கான இரண்டு பெட்டிகளிலும் 'பெண்' என்று நிதானமாக எழுதினாள்.