பத்தாம் பாத்தி

ஆறு ஓட்ஸ் ரகங்கள், மூன்று வரிசைகள், பதினெட்டுப் பாத்திகள். எந்த ரகம் அதிகப் பசுந்தீவனம் தரும், எதில் சத்து கூடுதல் என்று பார்ப்பது எங்கள் வேலை. வயலில் நான் கால் வைத்ததே இல்லை. எனக்குப் பாத்திகள் என்றால் ஆய்வுக்கூட மேசையில் எண் ஒட்டிய காகிதப் பைகள்தாம்.

ஒன்பதாம் பாத்தி புரதத்தில் முதலிடம் வந்தபோது அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு நான்கு கறவை மாடுகள், அவைதாம் பிழைப்பு. மாதிரி எடுத்தது போக மிஞ்சிய புல்லை ஊழியர் வீட்டார் அறுத்துக்கொள்ளலாம்.

"நடு வரிசை. இடப்பக்கத்திலேர்ந்து மூணாவது," என்றேன். முதல் வரிசையில் ஆறு போக, ஏழு, எட்டு, ஒன்பது.

"உன் படிப்பால என் மாடுங்களாவது உருப்படட்டும்டி," என்று சிரித்தவள், நேற்று மாலை அறுத்துப்போனாள்.

இன்று காலை நைட்ரேட் சோதனை. தண்டின் வெட்டுவாயில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். நைட்ரேட் மிகுந்திருந்தால் நீலமாகும், மாட்டுக்கு அது நஞ்சு. ஒன்பதாம் பைத் தண்டு நிறம் மாறவில்லை. பத்தாவது, மை கொட்டியதுபோல் கருநீலமானது.

"இருக்கறதுலயே மதமதன்னு வளந்தது இதான்," என்றார் வயல் மேற்பார்வையாளர். அளவுக்கயிறு தோளைவிட்டு இறங்காததால் எல்லோருக்கும் அவர் 'கயிறு' அண்ணன். "உங்கக்காகூட இதைத்தானே அறுத்தாங்க?"

"இல்லண்ணே, ஒன்பது. இடப்பக்கத்திலேர்ந்து மூணாவது."

"ஐயோ, அது பத்தும்மா! முதல் வரிசை வலப்பக்கம் முடிஞ்சா, அடுத்தது அங்கேர்ந்தே திரும்பி வரும். ஏர் திரும்பற மாதிரி."

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, புல்லு போட்டுட்டியா?"

"விடியக்காலயே. அடிச்சுப் பிடிச்சுத் தின்னுச்சுங்க. ராணிதான் படுத்துக்கிட்டு மூச்சு வாங்கறா. திமிரு."

"ஈறு சிவப்பா இருக்கா, பழுப்பா இருக்கான்னு பாரு. சீக்கிரம்!"

செருப்புச் சத்தம். பிறகு, சிரிப்பு வற்றிய குரல். "காப்பிக்கொட்டை மாதிரி இருக்குடி."

கால்நடை மருத்துவரோடு நான் போய் இறங்கியபோது மணி பத்து. அவர் ஊசியில் ஏற்றிய மருந்தும் நீலம். தள்ளாடிய மூன்று மாடுகளும் மெல்ல நிலைக்கு வந்தன. ராணிக்கு ஊசி தேவைப்படவில்லை; நாங்கள் வருமுன்பே விறைத்துவிட்டிருந்தாள்.

"நான்தான்க்கா தப்பா எண்ணிட்டேன்."

அக்கா என்னைத் திட்டவில்லை. தொட்டியில் மிச்சமிருந்த பச்சைப் புல்லை இரு கைகளாலும் அள்ளியபடி நின்றாள்.

"இதை எங்க கொட்டறது? இதையாவது சரியாச் சொல்லு."