புதன்கிழமை வரைக்குமான உலகம்

மனித குலத்தின் தலைவிதியைத் தீர்மானித்த முடிவுகள் எல்லாம் மூடிய அறைகளுக்குள்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. வியன்னாவில் ஓர் அறை, வெர்சாயில் ஓர் அறை, யால்டாவில் ஓர் அறை. தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வரிசையில் நியூசிலாந்து ஒக்லாந்தின் ஹென்டர்சனும் சேர்ந்துகொண்டது. அறை, டொமினிக் வீட்டுக் கராஜ். அது மூடிக் கிடந்ததற்குக் காரணம் இராசதந்திரம் அல்ல. கதவு இறுகிப்போய் இடுப்பளவுக்கு மேல் எழும்ப மறுத்தது. உலகப் பாதுகாப்பை நிர்ணயிக்க வந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் குனிந்துதான் உள்ளே போனார்கள்.

சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு வட்டம் என்று பெயர். உறுப்பினர் ஒன்பது பேர், எல்லோரும் இலங்கைத் தமிழர். யாப்பில் ஒரேயொரு விதி: சொந்த நாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கப்படாது. முதலாவது கூட்டத்தில் கதைத்துப் பார்த்தார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கராஜின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறந்தது. அன்றிலிருந்து வட்டம் மற்றவர்களுடைய யுத்தங்களோடு நின்றுகொண்டது. சொந்த யுத்தத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதவர்கள், இருந்த கோபத்தையெல்லாம் பெல்கிரேட்டின் தலையிலும் பிரசெல்ஸின் தலையிலும் இறக்கி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து, நல்ல பிள்ளைகளாக வீடு போனார்கள்.

வட்டத்தின் மூளை இராசநாயகம். அவர் அப்படித்தான் நினைத்தார். மற்ற எட்டுப் பேரும் தங்கள் தங்களைப் பற்றி அப்படியே நினைத்தார்கள் என்பது வேறு விஷயம். யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரச செயலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே அவர் தொண்டையைச் செருமினால் நாலு மேசை நிமிர்ந்து பார்க்கும். இப்போது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில், சரக்கு அடுக்கிய மரப் பலட்டுகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நேட்டோவின் கிழக்கு விரிவாக்கம் பற்றி வாயைத் திறந்தால், "ராஜ், அந்தப் பலட்டைக் கொஞ்சம் தள்ளி வை" என்று சுப்பர்வைசர் சொல்வான். எட்டு வருடமாக அவர் ராஜ். நாயகம் எங்கே போயிற்று என்று கேட்க ஒரு நாதியில்லை.

அதனால்தான் யோகராணியின் அறிவிப்பைக் கேட்டதும் அவருக்கு நித்திரை போயிற்று. சமூக வானொலியில் ஞாயிறு தோறும் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறவர் யோகராணி. அவருக்குப் புதிதாக அரை மணி நேரம் கிடைத்திருந்தது. அதில் உலக அரசியல் கதைக்க ஓர் ஆள் வேண்டும். வட்டம் ஒரு பகிரங்க விவாதம் வைக்கட்டும், இராசநாயகமும் டொமினிக்கும் மோதட்டும், ஆர் திறமோ அவருக்கு அந்த அரை மணி என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் 'இராசநாயகம்' என்று ஓரெழுத்தும் குறையாமல் ஒக்லாந்தின் காற்றில் போகும்! அதுவும் மைக்குக்கு முன்னால். பலட்டும் இல்லை, சுப்பர்வைசரும் இல்லை.

தலைப்பு: கொசோவோவுக்கு நேட்டோ தரைப்படை அனுப்ப வேண்டுமா? நாள்: 1999 ஜூன் 12, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. இடம்: தேவாலய மண்டபம். அனுப்பத்தான் வேண்டும் என்பது டொமினிக்கின் கட்சி. டொமினிக் மன்னார் ஆள், மின்சார வேலை செய்கிறவர், எதையும் வெட்டிவிட்டுத் திரும்ப இணைக்கலாம் என்று நம்புகிறவர். ஒருபோதும் அனுப்பக் கூடாது, அனுப்பவும் மாட்டார்கள் என்பது இராசநாயகத்தின் கட்சி.

இராசநாயகத்துக்கு ஒரேயொரு பேச்சு முறைதான் தெரியும். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி முறை. முழுவதையும் எழுது, முழுவதையும் பாடமாக்கு, கையை எங்கே உயர்த்துவது என்பதையும் சேர்த்துப் பாடமாக்கு. இருபத்தைந்து நிமிடப் பேச்சை அவர் பத்து நாளாக ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்தபடியே உருப்போட்டார். கவனம் சிதறக் கூடாது என்று வீட்டில் டிவியை நிற்பாட்டி, பேப்பரையும் தொடாமல் விட்டார். கொசோவோவைப் பற்றிப் படிப்பதற்காகக் கொசோவோச் செய்தியைத் தவிர்த்த ஒரே ஆராய்ச்சியாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மகள் பிரசாந்தி படியில் நின்றாள்.

"அப்பா, த வோர் இஸ் ஓவர்."

"எந்த வோர்?"

"யுவர் வோர்."

ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிப்போய் டிவியைப் போட்டார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: வியாழக்கிழமை உடன்படிக்கை, குண்டுவீச்சு நின்றுவிட்டது, சேர்பியப் படைகள் வெளியேறுகின்றன, சர்வதேசப் படை உள்ளே போக ஆயத்தம்.

"இஞ்சாருங்கோ, என்னவாம்?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி அன்னபாக்கியம் கேட்டார்.

"சமாதானமாம்." செத்தவீடு சொல்கிற குரல்.

"ஐயோ கடவுளே! நான் நாளைய கூட்டத்துக்கெண்டு இருநூறு ரோல்ஸ் சுத்திப்போட்டனே!"

இராசநாயகம் டொமினிக்குக்கு ஃபோன் போட்டார். ஆறு வருடப் பழக்கத்தில் இருவரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

"டொமினிக், கேள்விப்பட்டீரே?"

"கேள்விப்பட்டனண்ணை. கோதாரியில போவார், ஒரு கிழமை பொறுத்திருக்கப்படாதே?"

"எழுபத்தெட்டு நாள் அடிச்சவங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் அடிக்கிறதுக்கு என்ன கேடு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இருவருக்கும் உறைத்தது. டொமினிக் முதலில் தேறினார்.

"எண்டாலும் எனக்குப் பிரச்சினையில்லை பாருங்கோ. படை போகோணும் எண்டனான். படை போகப்போகுது. நான் வெண்டிட்டன்."

"இன்னும் போகேல்லைத்தானே!"

"நாளைக்குப் போகும்."

கச்சேரியில் பதினெட்டு வருடம் கோவைகளைத் தள்ளியவர் இந்த இடத்தில் விழித்துக்கொண்டார். "சரி, நீர் வெண்டிட்டீர். அதை ஆருக்குச் சொல்லப்போறீர்? விவாதம் இல்லையெண்டால் மேடையில்லை. மேடையில்லையெண்டால் ரேடியோ இல்லை. முகம் பார்க்கிற கண்ணாடியிலதான் வெற்றியைச் சொல்லோணும்."

டொமினிக் யோசித்தார். "அப்ப என்ன செய்வம்?"

"யுத்தம் நடக்குதெண்டே வைச்சுக்கொள்ளுவம். சனிக்கிழமை ஆறு மணி வரைக்கும்."

இப்படியாக, இரண்டு ஜென்ம வைரிகளும் முதல் தடவையாக ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அதைச் சட்டபூர்வமாக்கும் வேலை வட்டத்தின் தலைவர் குமாரசாமி மாஸ்டரிடம் போயிற்று. குடியியல் படிப்பித்த மனுஷன். அரை மணி நேரத்தில் திருப்பி ஃபோன் எடுத்து ஒரு தீர்மானம் வாசித்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் பதினொரு பேர் சின்னப் பிள்ளைகள். ரோல்ஸ் வாசம் பிடித்து வந்தவர்கள். மாஸ்டர் எழும்பி மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த சபையோரே, இன்றைய விவாதம் புதன்கிழமை வரைக்குமான உலகத்தைப் பற்றியது."

முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். "அப்ப வியாழக்கிழமை, மாஸ்டர்?"

"வியாழக்கிழமை இந்த விவாதத்துக்கு அப்பாற்பட்டது."

"இண்டைக்குச் சனியெல்லே?"

"தம்பி, ஒழுங்குப் பிரச்சினை எழுப்பாதையும். இரும்."

இராசநாயகம் மேடையேறினார். கோட் போட்டிருந்தார். முதல் ஐந்து நிமிடம் பேச்சு நூல் பிடித்த மாதிரிப் போயிற்று. ஆறாவது நிமிடத்தில் பின்கதவு திறந்து யோகராணி உள்ளே வந்தார். கூடவே இன்னொருவர். மேடையிலிருந்து பார்த்த இராசநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. டோனி! களஞ்சியத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே இருக்கிற மீசைக்காரன், இத்தாலியன். தானாகத் தேடிப் பிடித்து வந்திருக்கிறான்! மேசையில் இராசநாயகம் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கிறவன். அவன் வாய் திறந்து இராசநாயகம் அதிகம் கேட்டதில்லை. அதற்கு டோனி காரணமில்லை.

வேலைத்தலத்திலிருந்து தன் பேச்சைக் கேட்க ஒரு மனிதன், அதுவும் தமிழே தெரியாத மனிதன் வந்துவிட்டான் என்றதும் அவருக்குக் குரல் இரண்டு கட்டை ஏறியது. பாடமாக்கியதில் இல்லாத இடத்திலும் கை உயர்ந்தது.

"எழுதி வைத்துக்கொள்ளுங்கள்! ஓர் அந்நியச் சிப்பாயின் சப்பாத்தும் கொசோவோ மண்ணில் ஒருநாளும் படாது! படவே படாது!"

அப்போது மணி மூன்றே கால். அங்கே, கொசோவோவில், விடிந்துகொண்டிருந்தது. நேட்டோப் படையின் முதல் வண்டிகள் எல்லையைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தன.

சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து டொமினிக் ஏறி, படைகளை உடனே அனுப்பாவிட்டால் ஐரோப்பா சாம்பலாகிவிடும் என்று, அனுப்பியாகிவிட்ட படைகளுக்காகக் கண்ணீர் மல்க வாதாடினார். புதன்கிழமை வரைக்குமான உலகத்தில் இரண்டு பேருடைய வாதத்திலும் ஓட்டையே இல்லை என்று மாஸ்டர் தொகுத்துச் சொன்னார்.

யோகராணி மேடைக்கு வந்தார். இராசநாயகம் கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"இரண்டு பேரும் நல்லாக் கதைச்சியள். ஆனா ரேடியோவில கதைச்சால் மட்டும் காணாது. ஆக்களைக் கேள்வி கேட்கவும் தெரியோணும். நான் முதல் நிகழ்ச்சிக்கு ஒரு விருந்தினரைப் பிடிச்சு வைச்சிருக்கிறன். அவரிட்ட நீங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேள்வி கேளுங்கோ. அதை வைச்சு முடிவு சொல்லுறன்." பின்வரிசையைப் பார்த்துக் கையசைத்தார். "இவர் அகிம். பிரிஸ்டினாக்காரர். கொசோவோவின்ர தலைநகரம்."

மேடைக்கு வந்தது டோனி.

இராசநாயகம் முதலில் சிரித்தார். ஏதோ பகிடி என்று நினைத்தார். பிறகு சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த மனிதர் தொப்பியை இரண்டு கையாலும் முறுக்கியபடி, மெதுவான ஆங்கிலத்தில் கதைத்தார். டோனி என்ற பெயர் சுப்பர்வைசர் வைத்தது, அகிம் என்று சொல்ல அவனுக்குக் கஷ்டமாம். தங்கையைக் காணவில்லை என்று ரேடியோ நிலையத்தில் அறிவித்தல் கொடுக்கப் போன இடத்தில்தான் யோகராணியைத் தெரியும். இரண்டு மாதமாகத் தங்கை வீட்டு நம்பருக்கு எடுத்து எடுத்துப் பார்த்தார். மணி அடிக்கும், எடுக்க ஆளில்லை. அவ்வளவுதான் சொன்னார். முதலாவது கூட்டத்தில் பிளாஸ்டிக் கதிரையை எறிந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொமினிக், நீங்கள் முதல் கேளுங்கோ," என்றார் யோகராணி.

டொமினிக்கிடம் ஒரு கேள்வி ஆயத்தமாக இருந்தது. பால்கனின் மூலோபாயச் சமநிலை பற்றியது, நீளமானது. அவர் வாயைத் திறந்தார். முறுகிக்கொண்டிருந்த தொப்பியில் கண் போயிற்று. கேள்வி மறந்துபோயிற்று.

"தங்கச்சியைக் கண்டுபிடிச்சாச்சோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, வெட்கப்பட்டு, ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார்.

அகிமின் முகம் மலர்ந்தது. மசிடோனியாவில் ஒரு கூடாரத்தில் இருக்கிறாளாம். வியாழக்கிழமை குரல் கேட்டதாம். நியூசிலாந்தில் குளிரா என்று கேட்டாளாம்.

"வியாழக்கிழமை" என்றதும் மாஸ்டர் மைக்கை நோக்கிக் கையை நீட்டினார். அன்னபாக்கியம் பார்த்த பார்வையில் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இராசநாயகமண்ணை, உங்கட கேள்வி?"

இராசநாயகம் எழும்பினார். தொண்டையைச் செருமினார். இருபத்தைந்து நிமிடப் பேச்சை மேலிருந்து கீழ்வரை மனதுக்குள் ஓடவிட்டுப் பார்த்தார். அதில் உவமை இருந்தது, புள்ளிவிபரம் இருந்தது, கையை உயர்த்துகிற இடம் ஏழு இருந்தது. கேள்வி ஒன்றுகூட இல்லை. பிரசாந்தி மூன்றாவது வரிசையிலிருந்து உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக் கொடுத்தாள். விளங்கவில்லை. கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, "எனக்குக் கேள்வி ஒண்டுமில்லை," என்று சொல்லிக் கதிரையில் இருந்தார்.

ரேடியோவின் அரை மணி நேரம் டொமினிக்குக்குப் போயிற்று.

பிறகு ரோல்ஸ் வந்தது. யோகராணி ஒன்றைக் கடித்தபடி இராசநாயகத்துக்குப் பக்கத்தில் வந்தார். அகிமும் கூடவே வந்தார்.

"என்னண்ணை இது? ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிடுறனீங்களாம். இவர் தன்ர ஊரைப் பற்றி உங்களிட்ட ஒண்டும் சொல்லேல்லையே?"

இராசநாயகம் ரோல்ஸை மென்றார். கேள்வியை யோகராணி ஆங்கிலத்தில் அகிமிடம் திருப்பினார். அகிம் மரியாதையாக யோசித்தார்.

"சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் தருவார்கள்," என்றார்.

கொசோவோ எங்கே இருக்கிறது என்று இராசநாயகம் அவருக்கு நான்கு தடவை விளக்கியிருந்தார்.