கீறல்களின் காரணம்

கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து இருந்த நாகேந்திரத்துக்கு நாலு மாதமாக உடம்பு கடித்தது. தடிப்பில்லை, சிவப்பில்லை. ஆனாலும் சொறியாமல் இருக்க முடியாது. குளித்தால் இன்னும் மோசம். மூட்டைப்பூச்சியென்று மனைவி சிவமணி மெத்தையை வெயிலில் போட்டாள், சவர்க்காரத்தை மாற்றினாள், வேப்பிலை அவித்து வார்த்தாள். விடியும்போது படுக்கை விரிப்பு பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருக்கும். கொழும்பு வெக்கை என்று அதையும் விட்டுவிட்டார்கள். புறக்கோட்டை இரும்புக் கடையொன்றில் கிளார்க் வேலை அவனுக்கு. நித்திரை கெட்டுக் கெட்டு, பஸ்ஸில் நின்றபடியே தூங்கி விழுவான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் கொச்சிக்கடையில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்ட பொலிஸ்காரன் அவனை ஒரு பக்கம் நிற்கவைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னான். முழங்கை, தோள், விலா எங்கும் ஆறியதும் ஆறாததுமாகக் கீறல்கள்.

“மே மொனவாத?” இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

“கஹனவா, மஹத்தயா.” கடிக்கிறது என்று சொறிந்தும் காட்டினான்.

பொலிஸ்காரன் சிரித்தான். இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்த காயம் என்று எழுதிக்கொண்டான்.

இரண்டு நாள் ஸ்டேசனில் இருந்தான். அவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவனும் சொன்னதையே சொன்னான். வெளியே சிவமணி சோற்றுப் பார்சலோடு நின்றாள். மூன்றாம் நாள் காலை, காயங்களுக்கு டாக்டரின் அறிக்கை வேண்டுமென்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் தாஸிம் அவனைவிடக் களைத்தவராகத் தெரிந்தார். முதுகைப் பார்த்தார். பிறகு அவன் நகங்களைப் பார்த்தார்.

“கை எட்டாத நடுமுதுகுல ஒரு கீறலும் இல்லியே. நீங்களே சொறிஞ்சதுதானே?”

“ஓம் டொக்டர். நாலு மாசமாக் கடிக்குது.”

“இரவுல வேர்க்குதா?”

“விரிப்பு நனையும்.”

“மெலிஞ்சிருக்கீங்களா?”

“பெல்ட்டில ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டனான்.”

“குடிச்சா எங்கயாச்சும் நோகுதா?”

பொலிஸ்காரன் முன்னால் என்ன கேள்வி இது என்று நாகேந்திரம் தயங்கினான். “ஒரு கலியாணத்தில பியர் குடிச்சனான். கொஞ்சந்தான். இந்தக் கழுத்தடி விண்விண்ணெண்டு வலிச்சது.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இடது காறையெலும்புக்கு மேலே விரல்களால் தடவினார். அங்கே புளியங்கொட்டையளவில் ஒரு கட்டி இருந்தது. நோவே இல்லாததால் அவன் அதைக் கவனித்ததேயில்லை.

இரண்டு தாள் எழுதினார். ஒன்று பொலிசுக்கு: இவை இவரது நகக் கீறல்களே. மற்றது நெஞ்சு எக்ஸ்ரேக்கும் கட்டியை எடுத்துச் சோதிப்பதற்கும். திரும்பப் போகவேண்டுமென்று பொலிஸ்காரன் அவசரப்பட்டான். டாக்டர் சிங்களத்தில் குரலை உயர்த்தாமல், “எக்ஸ்ரே எடுத்த பிறகு கூட்டிக்கொண்டு போங்கள்” என்றார்.

எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே நிழல் விழுந்திருந்தது. அன்றைக்கே வார்ட்டில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை கட்டியை வெட்டி எடுத்தார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது. டாக்டர் சிவமணியையும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

“இது ரத்தத்தோட சேர்ந்த ஒரு கேன்சர். நெறிக்கட்டியில வாறது. ஹொட்ஜ்கின் எண்டு சொல்றது. கடி, வேர்வை, பியர் குடிச்சா வாற நோவு எல்லாம் இதாலதான். வேளைக்கே பிடிச்சிட்டம், மருந்து இருக்கு. நிறையப் பேருக்குச் சுகமாகுது.”

சிவமணி, “அப்ப, பொலிஸ் இவரை விட்டிடுவினமோ டொக்டர்?” என்று கேட்டாள்.

டாக்டர் தாஸிம் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். “விடுவாங்க மகள்.”

விட்டார்கள். வாராவாரம் வந்து கையெழுத்து வைக்க வேண்டுமென்ற கட்டளையோடுதான்.

பிறகு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசி. வரும் வழியெல்லாம் சத்தி எடுப்பான். சோதனைச் சாவடிகளில் இறங்க முடியாமல் சீட்டில் சரிந்து கிடப்பான். சிவமணிதான் இரண்டு அடையாள அட்டைகளோடும் ஆஸ்பத்திரிக் கொப்பியோடும் இறங்கிப் பதில் சொல்லுவாள். தலைமயிர் கொட்டியது. கடையில் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு மத்தியானம், குளித்துவிட்டு வந்து கட்டிலில் இருந்தான். கை வழக்கம்போல விலாவுக்குப் போயிற்று. சொறிய அங்கே ஒன்றுமில்லை. நம்பாமல், கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தான்.

“இஞ்சரும், கடிக்கேல்ல.”

சிவமணி குசினிக்குள்ளிருந்து வந்து பார்த்தாள். அதற்குள் அவன் ஈரத் துவாயோடேயே நித்திரையாகியிருந்தான். அவள் மெதுவாகத் துவாயை உருவியெடுத்துவிட்டு, அவன் காலடியில் தானும் சரிந்து படுத்தாள்.