வெள்ளிமலை இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

ரபீக்கும் அவர் மனைவி அஸ்ரப் நிஷாவும் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு வாரத்தில் நான்கு நாள் வேனில் துணி கொண்டுபோய் விற்பவர்கள். கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நிஷாவின் தம்பி, அவர்களுடைய பழைய வேனைப் பெட்ரோலிலும் கரண்டிலும் ஓடும்படி மாற்றிக் கொடுத்தான். மலை ஏறப் பெட்ரோல், மற்ற இடத்தில் பேட்டரி. வீட்டு பிளக்கில் சொருகினால் சார்ஜ் ஏறும். டவுனுக்குள் புகையில்லாமல் போய்வருவதில் ரபீக்குக்கு அவ்வளவு பெருமை.

வேன் மாறி வந்த நான்காம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அம்சவள்ளி வந்து நின்றாள். தையல்காரி. தீபாவளிக்குத் தைக்க வேண்டிய நாற்பது ரவிக்கைகள் அவளிடம் குவிந்திருந்தன.

"ஏம்மா நிஷா, உன் வண்டி இன்னாதான் பண்ணுது? ஏழு மணியானா என் மெஷின் மோட்டார் முனகிக்கினே நிக்குது."

"எங்க வண்டியாலயாக்கா?"

"நீ சொருகினா நிக்குது, எடுத்தா ஓடுது. மூணு நாளா பாத்துக்கினுதான் இருக்கேன்."

நிஷா உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினாள். எதிர்வீட்டில் மோட்டார் உடனே வேகமெடுத்து ஓடும் சத்தம் கேட்டது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் லைன்மேன் ராஜாங்கத்திடம் கேட்டாள்.

"சாயங்காலத்துல எல்லா வூட்லயும் லைட்டு, ஃபேனு, டிவி. தெருவுக்கே ஒரு டிரான்ஸ்பார்மர்தான், அது எவ்ளோ தாங்கும்? மதியத்துல போடுங்க. அப்ப லோடு கம்மி, சோலார் கரண்டும் ஜாஸ்தியா வரும்" என்றார் அவர்.

மதியத்தில் அவர்கள் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் அல்லவா இருப்பார்கள். அங்கே அவர்கள் துணி விரிப்பது செல்லமுத்துவின் டீக்கடை பக்கத்தில். கடைக் கூரையில் சோலார் தகடுகள் இருந்தன. நிஷா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"பகல்ல எனக்கு மிச்சமாத்தான் இருக்குது, சொருகிக்குங்க. டீ மட்டும் எங்கிட்டயே குடிக்கணும்" என்றார் செல்லமுத்து.

அன்றிலிருந்து தெருவில் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் நிஷா அம்சவள்ளியையும் மலைக்கு அழைத்துப் போனாள். துணி வாங்கிய பெண்கள் அங்கேயே அவளிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்தார்கள். பதினொரு பேர்.

அன்று நல்ல மேகம். தகட்டில் கரண்டு சரியாக வரவில்லை. கிளம்பும்போது பேட்டரி முப்பத்தொரு சதவீதம்தான் காட்டியது.

"இத வச்சுக்கினு எப்படிம்மா வூடு போய்ச் சேர்றது?" என்றாள் அம்சவள்ளி.

"மீட்டரப் பாருங்கக்கா" என்றாள் நிஷா.

ரபீக் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேன் தன் பாட்டுக்கு இறங்கியது. இரண்டு வளைவு தாண்டியதும் முப்பத்திரண்டு. இன்னும் கொஞ்சம் போனதும் முப்பத்து மூன்று.

அம்சவள்ளி முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தாள். "ஏறுதே. ஓடற வண்டிக்கு எவன் சார்ஜ் போடறான்?"

"இறங்கற வேகத்தையே கரண்டா மாத்திக்குதுக்கா."

அதற்குப்பின் அம்சவள்ளி ரோட்டைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்தாள். முப்பத்தெட்டு வந்தபோது ரபீக் தோளில் தட்டினாள். நாற்பதுக்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து நிஷாவும் சிரிக்க, ரபீக்குக்கு வண்டி ஓட்டுவதே சிரமமாகிவிட்டது.

அடிவாரத்தில் நாற்பத்திரண்டு.

"இன்னொரு தடவ மேல போய் எறங்கலாமா?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"ஏற்றத்துக்குப் பெட்ரோல் யாரு ஊத்துவா?" என்றார் ரபீக்.

கோமுகி அணைப் பக்கம் வண்டியை நிறுத்தினார். மூவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சூடாக மீன் வறுவல் தின்றார்கள். அம்சவள்ளி முள்ளை எடுப்பதற்குக்கூடப் பேச்சை நிறுத்தவில்லை.