பழுப்புத் தொட்டி

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்து மேட்டுத் தெருவொன்றில் இருந்த அந்தப் பழைய மாடி வீட்டில், குப்பையைப் பிரித்துப் போடுவதில் அம்பிகாவை மிஞ்ச ஆள் இல்லை. தயிர் வாளியைக் கழுவிக் காயவைத்துத்தான் பிளாஸ்டிக்குக்கான மஞ்சள் தொட்டியில் போடுவாள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு எல்லாவற்றையும் பழைய பத்திரிகையில் சுருட்டி, மக்கும் குப்பைக்கென்று பின்முற்றத்தில் எல்லா வீட்டாருக்கும் பொதுவாக இருந்த பழுப்புத் தொட்டிக்குக் கொண்டு போவாள். கணவன் கிருபன் கட்டிக் கிழிந்த சறங்கள் துடைக்கும் துணியாகி, அதுவும் நைந்த பிறகுதான் வெளியே போகும். இதை அவள் பெருமையாக நினைத்ததில்லை. இருக்கிறதை வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் பழுப்புத் தொட்டியின் கைப்பிடியில் முதல் தடவை சிவப்பு அட்டை தொங்கியபோது அவள் கலங்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக் கிடக்கிறது, இதை எடுக்க மாட்டோம் என்று லொறிக்காரர் கட்டிவிட்டுப் போகிற அட்டை அது. யாரோ கவனமில்லாமல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். அடுத்த முறையும் அட்டை தொங்கியது. அதற்கடுத்த முறையும் தொங்கியது. ஆடி மாத வெயிலில் தொட்டி பொங்கி, மூடி மூடாமல், விளிம்பால் புழு இறங்கியது. நாற்றம் படிக்கட்டு வழியே ஒவ்வொரு கதவாக ஏறியது. மூடியைத் திறந்து பார்த்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது பிளாஸ்டிக் அல்ல, கறிவேப்பிலைக் காம்பு. அந்த வீட்டில் கறிவேப்பிலை போட்டுச் சமைக்கிற குடும்பம் ஒன்றுதான்.

வீட்டு நிர்வாகத்திலிருந்து அவர்களுக்கு மட்டும் அப்மானுங் கடிதம் வந்தது. இது எச்சரிக்கை, இன்னொரு தடவை நடந்தால் வீட்டை விட வேண்டி வரும் என்றது. அம்பிகா தொலைபேசி எடுத்து, நாங்கள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் நிர்வாகி. அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

கிருபனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அடுத்த தெரு நிலையத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு, மதிலைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேருவான். படி ஏற ஏலாது. நிலத்தோடு இருக்கிற, நிலையத்துக்குக் கிட்டவான ஒரு வீட்டுக்காக அவர்கள் ஏறி இறங்காத இடமில்லை. தமிழ்ப் பெயரைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்பார்கள். கடைசியில் இது கிடைத்ததும் முதலாம் மாடிக்காரி பிராவ் ஹார்ட்விக்கின் ஒரு வார்த்தையால்தான். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி மனுசி. அம்பிகா வேலை செய்த பேக்கரிக்கு நாள் தவறாமல் பாண் வாங்க வருவார். கதை பெரிதாக வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கீழ் வீடு காலியானதும் தானாகவே நிர்வாகத்தோடு பேசி, இவர்கள் ஒழுங்கான ஆட்கள் என்று சொல்லியிருந்தார்.

இந்த வீடும் போனால் கிருபனை எங்கே கொண்டு போவது? அம்பிகாவை அந்த நினைப்பு விடவில்லை. பேக்கரியில் மீதிக் காசை மாற்றிக் கொடுத்து ஏச்சு வாங்கினாள். கடைசியில் வழி ஒன்றும் தெரியாமல் ஒன்றைச் செய்யத் துணிந்தாள். விடியப்புறம், வேலைக்குக் கிளம்பு முன், முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனாள். மூச்சை அடக்கிக்கொண்டு பழுப்புத் தொட்டிக்குள் கையை விட்டுப் பிளாஸ்டிக்கை எல்லாம் பொறுக்கி எடுத்தாள். கட்டிய பைகளுக்குள் முழுப் பாணும், மூடி திறக்காத ஜாம் போத்தலும், மருந்து அட்டைகளும் இருந்தன. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்குப் பிரித்துப் போட்டாள். அந்த முறை லொறி தொட்டியை எடுத்தது. அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு அதுவே அவளுடைய விடியலாகிவிட்டது.

ஒரு காலை அவள் போகுமுன்பே முற்றத்தில் யாரோ நின்றார்கள். பிராவ் ஹார்ட்விக். இரவு அங்கியோடு, காலில் செருப்பில்லாமல் நின்றார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கி, பழுப்புத் தொட்டியைத் திறந்து, உள்ளே மெதுவாக வைத்து மூடினார். திரும்பி அம்பிகாவைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா என்று கேட்டார். அம்பிகாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த விசயம்.

அம்பிகாவுக்கு எல்லாம் விளங்கியது. கொஞ்ச நாளாக அவர் ஒரே காலையில் பேக்கரிக்கு இரண்டு தரம் பாண் வாங்க வந்ததும் நினைவில் வந்தது. அவரை மேலே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாள். யாருக்கும் சொல்லவில்லை. பையை நான் எடுத்துவிடுகிறேன்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் மூன்றாம் மாடிக்காரர் தன் யன்னலிலிருந்து அவளைப் படமெடுத்திருந்தார். விடியற்காலையில் பிளாஸ்டிக் பைகளோடு தொட்டிக்குள் குனிந்து நிற்கிற அம்பிகா. நிர்வாகத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நேரில் வரச் சொல்லி நாள் குறித்து டெர்மின் கொடுத்தார்கள்.

அதற்கு முதல்நாள் பின்னேரம் கிருபன் நிலையத்திலிருந்து வந்து வெளிறிப்போய்ப் படுத்திருந்தான். அவள் கட்டிலோரம் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லாதையும்," என்றான். "சொன்னா அந்த மனிசியைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டிடுவாங்கள்."

"சொல்லாட்டி எங்களைக் கலைச்சுப் போடுவாங்கள்."

"அவதானே எங்களுக்கு இந்த வீடு எடுத்துத் தந்தவ."

"தெரியும். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீங்களோ? உங்களை வச்சுக்கொண்டு நான் எந்தத் தெருவில நிக்கிறது? எனக்கு ஏலாது."

கிருபன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் நிர்வாகியின் மேசையில் அந்தப் படம் பெரிதாக அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. அம்பிகா முதலில் பெயர் சொல்லாமல்தான் சமாளித்தாள். பைகளை எடுத்தேன், போடவில்லை என்றாள். அப்படியென்றால் யார் போட்டது என்று அவர் கேட்டார். தெரியாது என்றாள். அவர் படத்தைக் கோப்புக்குள் வைத்து மூடப் போனார். அந்தக் கை அசைந்ததைக் கண்டதும் அவள் வாயிலிருந்து பெயர் விழுந்துவிட்டது. விழுந்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை. வெறுங்கால், இரவு அங்கி, இல்லாத பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பாவம், அவவுக்கு யாராவது உதவ வேண்டும் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். நிர்வாகி மன்னிப்பும் கேட்டார். ஹம்பர்க்கிலிருந்து பிராவ் ஹார்ட்விக்கின் மகள் வந்தாள். வந்த பிறகுதான் அடுப்பு இரண்டு தரம் எரிந்தபடி கிடந்த கதையும் தெரிய வந்தது. அம்பிகா சொல்லாவிட்டாலும் ஒருநாள் இது நடந்துதான் இருக்கும் என்றாள் மகள். அது உண்மையாகவும் இருக்கலாம். அம்பிகாவுக்கு அது ஒரு பொட்டு ஆறுதலையும் தரவில்லை.

பிராவ் ஹார்ட்விக்கை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகக் கார் வந்த காலையில் அம்பிகா வாசலில் நின்றாள். பிராவ் ஹார்ட்விக் நல்ல கோட்டுப் போட்டு, தலைவாரி, பயணம் போகிறவர் போலவே இறங்கி வந்தார். அம்பிகாவைக் கண்டதும் நின்று, மகளிடம் அவளைக் காட்டினார். "இந்த வீட்டில் குப்பையை ஒழுங்காகப் போடுகிற ஆள் இவள் ஒருத்திதான்," என்றார். மகள் தலையாட்டிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தாள். கார் போய்விட்டது.

சில கிழமைகள் கழித்து முதலாம் மாடி வீட்டைக் காலி செய்ய ஆட்கள் வந்தார்கள். தெருவில் பெரிய இரும்புக் கொள்கலன் ஒன்றை இறக்கினார்கள். கதிரை, புத்தகம், கோட்டுகள், கோப்பை பீங்கான், அலுமாரிக்குள் கழுவி அடுக்கி வைத்திருந்த போத்தல்கள், சாடியோடு பூச்செடிகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய் விழுந்தன. வேலையால் வந்த அம்பிகா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதைப் பிரிக்க மாட்டீர்களா என்று கேட்டாள். நேரமில்லை, பெண்ணே என்றான் ஒருவன்.

அவள் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு விளிம்பில் ஏறி உள்ளே இறங்கினாள். அவன் சத்தம் போட்டான். அவள் கேட்கவில்லை. கோட்டுகளை ஒருபக்கம் இழுத்துப் போட்டாள். உடைந்த கண்ணாடிக்குள்ளிருந்து வேர் தெரிகிற செடியொன்றை உருவினாள். கையில் இரத்தம் வந்தது. எதைத் தொட்டாலும் அதன்மேல் இன்னொன்று வந்து விழுந்தது.

கிருபன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"போதும், இறங்கி வாரும்," என்றான்.

அவள் நிமிரவேயில்லை. அவன் கொள்கலனின் விளிம்பில் சாய்ந்துகொண்டு கையை உள்ளே நீட்டினான்.

"சரி, இங்க தாரும்."